ஆளுக்கு ஒரு நிரை

குமாரியின் அப்பா பொன்னையா அதிகம் பேசமாட்டார். கண்டியில் ஓர் இரும்புக்கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. "எத்தனை கிலோ?", "சரிங்க முதலாளி", "பஸ் போயிருச்சா?" என்ற மூன்றை வைத்துக்கொண்டே வாரம் முழுவதையும் ஓட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் அவர் வேறு ஆள். அன்று அவர் கிட்டார் வாசிப்பார்.

பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில்தான் அவர்கள் வீடு. ஞாயிறு காலையில் அப்பாவும் குமாரியும் பஸ் ஏறிக் கண்டிக்குப் போவார்கள். இருக்கை கிடைத்தால் அதில் அப்பா உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வார். குமாரி நின்றுகொண்டே போவாள். "மகளை நிக்க வச்சிட்டு மரப்பெட்டிக்கு சீட்டா?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் விழாது.

குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு மேலே, படிகள் ஏறிப்போனால் அஸீம் மாமாவின் வீடு. அவர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். அங்கே கனகலிங்கம் மாஸ்டரும் வந்து சேர்வார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறார். மூவரிடமும் ஆளுக்கொரு கிட்டார் இருந்தது. மூவருமே தாங்களாகவே வாசிக்கப் பழகியவர்கள்.

அவர்களுக்கு ஐந்து பாட்டுத் தெரியும். அதில் ஐந்தாவது பாட்டு பாதியில் நின்றுவிடும், மீதி யாருக்கும் தெரியாது. அந்த இடம் வந்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். அப்பா அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அங்கே மட்டும்தான். அதைப் பார்ப்பதற்காகவே குமாரி பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள்.

ஒருநாள் மாஸ்டர் நான்கு டிக்கெட்டுகளோடு வந்தார்.

"வெளிநாடெல்லாம் போய் வாசிக்கிற ஒரு அம்மா கண்டிக்கு வாறாவாம். தனிக் கிட்டார் கச்சேரி. எங்கட பள்ளிக்கூடத்துக்கு டிக்கெட் தந்தவை" என்றார்.

மூன்று டிக்கெட் மூன்று பேருக்கு. நான்காவது டிக்கெட்டை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா நல்லம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொம்பள ஆளா வாசிக்கிறது?"

"ஆமா" என்றார் அப்பா.

"தனியாவா?"

"ஆமா."

அம்மா கொஞ்ச நேரம் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதைக் குமாரியிடம் நீட்டினாள். "நீ போயிட்டு வா. வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்."

அம்மாவுக்குப் போக ஆசை என்று குமாரிக்குத் தெரியும். ஆனாலும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். குமாரிக்கும் ஆசைதானே.

கச்சேரி சனிக்கிழமை பிற்பகல் நடந்தது. மேடையில் ஒரே ஒரு கதிரையும், கால் வைக்கச் சின்னப் பலகை ஒன்றும் இருந்தன. மெலிந்த, கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் வந்து உட்கார்ந்தார். இடது காலைப் பலகையில் வைத்தார். கிட்டாரின் தந்திகளை மெல்லத் தொட்டார்.

அவ்வளவுதான். அஸீம் மாமாவின் வாய் திறந்தது. அது பிறகு மூடவே இல்லை.

கீழே தும், தும் என்று ஒரு ஓசை நடந்துகொண்டே இருந்தது. நடுவில் மழைத்துளி மாதிரி ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. மேலே ஒரு மெட்டு, யாரோ பாடுவதுபோலவே வந்தது. எல்லாம் ஒரே கிட்டாரில் இருந்து.

"இது ஒராள் இல்ல. திரைக்குப் பொறத்தால இன்னொராள் இரிக்காரு. நான் சொல்றன் பாருங்க" என்று அஸீம் மாமா கிசுகிசுத்தார்.

இடைவேளையில் அவர் நிஜமாகவே போய்த் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆள் இருந்தவரோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"கூட்டுற தும்புத்தடி ஒண்டுதான் இரிக்கி" என்றார் அஸீம் மாமா சோகமாக.

கடைசியாக அந்த அம்மையார் மெதுவான ஒரு சின்ன மெட்டு வாசித்தார். அதில் வேகம் இல்லை, விரல் வித்தை இல்லை. ஆனால் குமாரி இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்.

அப்பாவையும் குமாரியையும் வீட்டில் விட அஸீம் மாமா வண்டியை எடுத்தார், மாஸ்டரும் கூட ஏறிக்கொண்டார். வண்டி வத்தேகமயைத் தாண்டியது.

"நாங்கள் இவ்வளவு நாளும் வாசிக்கேல்லை. விறகு கொத்தினனாங்கள்" என்றார் மாஸ்டர்.

"எனக்கு வெக்கமா இரிக்கி மாஸ்டர். இனி அந்தச் சாமானத் தொட மாட்டேன்" என்றார் அஸீம் மாமா.

தெல்தெனியவில் பழைய வாத்தியங்கள் வாங்கும் கடை ஒன்று இருப்பதாக அவரே சொன்னார். அடுத்த வாரம் ஞாயிறு மூன்று கிட்டாரையும் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது. அப்பா "சரி" என்றார். குமாரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அது இரும்புக்கடை முகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கிட்டாரைச் சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டார். பிறகு முற்றத்துக் குழாயடிக்குப் போய்விட்டார்.

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். "சொல்லு. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"அது சரி. எப்படி நல்லா?"

குமாரி யோசித்தாள். கடைசி மெட்டை வாயால் முனகிக் காட்டினாள். "இது மேல வர்றது. ஆனா கீழ தும் தும்முனு ஒண்ணு வரும்." தும் தும் என்று சொன்னால் மெட்டு நின்றுபோனது. மெட்டைப் பாடினால் தும் தும் நின்றுபோனது. அகப்பையால் வாளியில் தட்டிக்கொண்டே பாடிப் பார்த்தாள். அப்போது நடுவில் விழுகிற மழைத்துளி இல்லாமல் போனது.

"எனக்கு ஒரு வாய்தானேம்மா இருக்கு" என்றாள் அழாத குறையாக.

"பரவாயில்ல விடு. கேட்ட மாதிரிதான் இருக்கு" என்று அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

ஆனால் அம்மா கேட்கவில்லை என்று குமாரிக்குத் தெரியும். அம்மாவின் டிக்கெட்டில் தான் போய்விட்டு வந்து, அம்மாவுக்கு ஒன்றுமே கொடுக்க முடியவில்லை என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. அப்பா கிட்டாரை விற்றுவிட்டால் இனி யாராலும் அதை அம்மாவுக்குக் கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பும் அதோடு போய்விடும்.

வாரம் முழுக்க அவள் அந்த மெட்டை முனகிக்கொண்டே திரிந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இரண்டு தடவை "யாரது?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. குமாரி அம்மாவுக்குப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போனாள். கொழுந்து பறிக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது தேயிலைச் செடி வரிசை, பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் நிரையில் அம்மா மட்டும்தான். பக்கத்து நிரையில் ராக்கம்மா பெரியம்மா. யாரும் அடுத்தவர் நிரையில் கை வைப்பதில்லை.

"ஏய், முன்னுக்குப் போன நெரை நில்லு. மத்தவங்க வந்து சேரட்டும்" என்று கீழே நின்று வேலையை மேற்பார்க்கும் இருளப்பன் கங்காணி சத்தம் போட்டார். முன்னால் போனவர்கள் நின்றார்கள். எல்லோரும் ஒரே வரிசைக்கு வந்ததும் மறுபடி ஏறினார்கள்.

குமாரி தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவ்வளவு பெரிய மலையை யாரும் தனியாகப் பறித்து எடுக்கவில்லை. ஆனாலும் மலை முடிந்துகொண்டிருந்தது.

"அம்மா, நாளைக்கு எங்கயும் போயிடாதீங்க" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை நான் எங்க போகப்போறேன்? துணி தொவைக்கணும்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அஸீம் மாமாவின் வண்டி தோட்டத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்தது. பின்சீட்டில் மாஸ்டர். அவர் மடியில் படுக்கை விரிப்பில் சுற்றிய இரண்டு கிட்டார்கள். அப்பாவின் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு அப்படியே தெல்தெனிய போவதாகத் திட்டம்.

அம்மா மூன்று கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையை வாங்கியபோது அஸீம் மாமா "ஆ" என்று கையை உதறினார். மாஸ்டர் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்தார். அவர் இடது கை விரல் நுனிகளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அப்பாவின் விரல்களிலும் அதேபோல.

"மாமா, விரல்ல என்ன?" என்று குமாரி கேட்டாள்.

"வண்டிக் கதவுல நசுங்கிட்டுது மகள்."

முச்சக்கர வண்டிக்குக் கதவு ஏது என்று குமாரி கேட்கவில்லை. "மாஸ்டருக்கு?"

"வெண்கட்டி பிடிச்சுப் பிடிச்சுப் புண்ணாப் போச்சுது பிள்ளை."

"இடது கையிலயா எழுதுவீங்க?"

மாஸ்டர் தேத்தண்ணியை ஊதத் தொடங்கினார்.

"அப்பாவுக்கு?"

"ஆணி குத்திருச்சு" என்றார் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மூணு பேருக்கும் ஒரே கையில, ஒரே விரல்லயா? விடியக் காலையில கோழிக்கூட்டுக்குப் பின்னால யாரு கிட்டாரை நோண்டுறதுன்னு எனக்குத் தெரியாதா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்களும் அந்தக் கடைசி மெட்டைத்தான் பாத்தீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"கொடுக்க முந்தி ஒருக்கா பாப்பம் எண்டுதான்" என்று மாஸ்டர் இழுத்தார்.

"எனக்கு வரல்ல" என்றார் அஸீம் மாமா. "ஒரு கிழமையா உசிரக் குடுத்துப் பாத்தேன். கீழ தும் தும் வந்தா, மேல மெட்டு ஓடிப்போவுது."

"எனக்கு மெட்டு வருது. தும் தும் வரலை" என்றார் அப்பா.

"எனக்கு நடுவில வாற அந்தத் தூறல் சரி. எண்ணி எண்ணிப் பிடிச்சிட்டன். மற்றது ரெண்டும் சரிவரேல்லை" என்றார் மாஸ்டர்.

குமாரிக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள்.

"அப்போ ஆளுக்கு ஒரு நெரை எடுங்க" என்றாள்.

"என்னது?"

"மலையில எடுக்கிற மாதிரி. அஸீம் மாமா கீழ் நெரை, மாஸ்டர் நடு நெரை, அப்பா மேல் நெரை. யாரும் அடுத்தவங்க நெரையில கை வைக்கக் கூடாது. நீங்க மூணு பேரும் முழு மலையையும் தனித்தனியா முடிக்கப் பாத்தீங்க. அதான் விரல் வீங்கிருச்சு."

அஸீம் மாமா வாயைத் திறந்தார். கச்சேரியில் திறந்த அதே அளவு.

மாஸ்டர் மட்டும் தலையை ஆட்டினார். "உது சரியில்லை பிள்ளை. அந்த அம்மா தனிய வாசிச்சவா. ஒராள் செய்ததை மூண்டு பேர் சேர்ந்து செய்யிறது ஏமாத்து வேலை எல்லோ? ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

அஸீம் மாமாவின் வாய் மூடிக்கொண்டது. அப்பா எழுந்து அலுமாரியிடம் போய்ச் சாக்குமூட்டையை இறக்கினார். வண்டியில் வைக்கத்தான்.

குமாரிக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் பேசினாள். "எங்கம்மா ஒரு நெரைதான் எடுக்கிறாங்க மாஸ்டர். மலை முடிஞ்சதுக்கப்புறம், நல்லம்மா மலை எடுக்கலைன்னு யாராச்சும் சிரிக்கிறாங்களா?"

மாஸ்டர் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"அம்மா எனக்கு டிக்கெட்டைக் குடுத்துட்டு வீட்டுல இருந்தாங்க. நான் வந்து சொன்னேன், பாடிக் காட்டினேன், வாளியில தட்டிக் காட்டினேன். அம்மாவுக்கு ஒண்ணும் கேக்கலை. உங்க மூணு பேரால மட்டும்தான் முடியும். அந்த அம்மா மாதிரி வேணாம். எங்கம்மாவுக்குக் கேட்டாப் போதும்."

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றாள். "ஏய், சும்மா இரு. அவங்களைத் தொந்தரவு பண்ணாத" என்றாள். ஆனால் அவள் உள்ளே போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சாக்கின் கட்டை அவிழ்த்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் சுருதி குடுங்க" என்றார்.

முதல் தடவை சரியாக வரவில்லை. அஸீம் மாமா சாலையில் பஸ்ஸை முந்துவதுபோல எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். இரண்டாம் தடவை மாஸ்டர் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் தடவை அப்பா பயத்தில் தொடங்கவே இல்லை.

குமாரி அம்மாவின் குடையை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டாள். இருளப்பன் கங்காணியைப்போலக் கழுத்தை நிமிர்த்தினாள். "ஏய், கீழ் நெரை நில்லு. மத்தவங்க வந்து சேரட்டும்."

"சரிங்க கங்காணி" என்று அஸீம் மாமா பவ்வியமாக நின்றார்.

"நடு நெரை, வாயால எண்ணக் கூடாது."

"ஓம், ஓம்" என்றார் மாஸ்டர். வாழ்நாளில் அவரை ஒருவர் அதட்டுவது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"மேல் நெரை..." குமாரி அப்பாவைப் பார்த்தாள். அதட்ட மனம் வரவில்லை. "நீங்க வாங்கப்பா. அவங்க ரெண்டு பேரும் கீழ தாங்கிக்கிட்டு இருக்காங்க."

மறுபடி தொடங்கினார்கள். கீழே தும், தும் என்று மெல்ல நடந்தது. நடுவில் தூறல் விழுந்தது. கொஞ்சம் தயங்கி, பிறகு மேலே அந்த மெட்டு வந்தது. ஓரிடத்தில் அப்பாவின் விரல் வழுக்கியது. கீழ் நிரை நின்று காத்திருந்தது. அப்பா வந்து சேர்ந்துகொண்டார்.

பக்கத்து வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்த வானொலியை யாரோ நிறுத்தினார்கள். ராக்கம்மா பெரியம்மா ஈரத் துணியோடு வந்து முற்றத்தில் நின்றாள்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன. அம்மாவின் கைகள் அப்படிச் சும்மா கிடந்து குமாரி பார்த்ததில்லை.

மெட்டு முடிந்தது. பாதியில் நிற்கவில்லை, முழுதாகவே முடிந்தது. அதை நம்ப முடியாமல் மூவரும் கிட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அம்மா இதைவிட நல்லாவா வாசிச்சாங்க?"

அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இதைவிட ரொம்ப ரொம்ப நல்லா" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டும். நீங்க இன்னொருக்கா வாசிங்க" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். அஸீம் மாமா வீட்டில் சிரிப்பதைவிடச் சத்தமாகச் சிரித்தார். இந்தச் சிரிப்பை அம்மா இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்று குமாரிக்குத் தோன்றியது.

"தெல்தெனியக் கடைக்காரர் பாத்துக்கிட்டு இரிப்பாரே" என்றார் அஸீம் மாமா.

"பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார் அப்பா. "கங்காணி, தொடங்கலாமா?"